பேறுகாலத்துக்கு வந்தவள்

எங்கள் தெரு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தெரு முனையில் தண்ணீர்த் தொட்டி. அதன் வால்வைத் திறந்து மூடுவது என் வேலை. தினக்கூலிதான். ஆனாலும் என்னைத் தெரியாத வீடு இல்லை. தண்ணீர் வந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். வராவிட்டால் கதவைத் தட்டுவார்கள்.

அதனால்தான் அவர்களும் என்னைத் தேடி வந்தார்கள். ஒரு மேடம், அவருடன் ஒரு சார். மதுரைக்காரர்கள். எச்.ஐ.வி. இங்கே யாருக்கு வர வாய்ப்பு இருக்கிறது, எதனால் வருகிறது, இந்த ஜனங்களுக்கு உடம்புக்கு வேறு என்னென்ன தேவை, இதையெல்லாம் வீடு வீடாகக் கேட்க வேண்டும் என்றார்கள். தெரிந்த ஆள் கூட வந்தால்தான் கதவு திறக்கும், நீங்கள் வருவீர்களா என்று மேடம் கேட்டார். நான் ஐந்தாவதோடு நின்றவன், எழுத வராது என்றேன். எழுதுவது நாங்கள், நடப்பது நீங்கள் என்றார். நடப்பது எனக்குப் பழக்கம். சரி என்றேன்.

பங்குனி வெயில். காலையில் தண்ணீர் விட்டு முடித்ததும் கிளம்புவோம்.

முதலில் யாரும் அந்த நோயைப் பற்றிப் பேசவே இல்லை. சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாவது சந்தில் ஒரு அம்மா, இட்லி வியாபாரம் செய்கிறவர், மேடத்தைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சாக்கடைப் பக்கம் கூட்டிப் போனார்.

"எய்ட்ஸ் இருக்கானு கேக்க வந்தீகளே, இதையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. இதுல இல்லாத சீக்கா அதுல இருக்கு?"

மேடம் பார்த்தார். எழுதிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுதியதைக் காட்டச் சொல்லிக் குனிந்து பார்த்துவிட்டு, "ம், சரியாத்தான் எழுதிருக்கீக" என்றார். மேடம் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் எல்லாரும் பேசினார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போனால் அரை நாள் கூலி போகிறது என்றார்கள். ஒருவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டு இருந்தார், பீடியால் என்று சொன்னார். பிள்ளையார்பட்டிக்குப் பூ விற்கப் போகிற பெண்கள் மேடத்தை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே நின்றேன். அவர்கள் விடிவதற்கு முன் போய் இருட்டித் திரும்புகிறவர்கள். ஒண்ணுக்குப் போக இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே இருப்பார்களாம். எரிச்சல், அடிவயிற்று வலி, வெள்ளை படுவது, எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தார்கள். மேடம் வெளியே வந்து இதைச் சொன்னார். தெரு முழுக்கத் தண்ணீர் விடுகிறவன் நான். குடிக்காமல் இருக்கிறவர்களைப் பற்றி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆண்களிடம் சார் பேசினார். தொட்டிக்குப் பின்னால் நிழலில் உட்கார வைத்துக் கேட்டார். வேலைக்கு வெளியூர் போவது யார் யார், எத்தனை நாள் தங்குவீர்கள், குடிப்பீர்களா, பெண்களிடம் போவது உண்டா, போனால் உறை போடுவீர்களா. நேராகவே கேட்டார். எனக்குக் காது சுட்டது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. தலை நரைத்த ஒருவர், "இதக் கேக்க இம்புட்டு லேட்டா வந்தா எப்பிடித் தம்பி? நான் மீசை கருப்பா இருக்கப்பவே வந்திருக்கணும்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள் தாங்கள் போகிற ஊர்களைச் சொன்னார்கள். மண்டபத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் படுப்பதைச் சொன்னார்கள். பிறகு பெயிண்ட் அடிக்கிற ஒருவன் சொன்னான்.

"நாங்கள்லாம் பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்துருவோம் சார். கேக்குறதா இருந்தா போர்வெல் வண்டிக்காரனக் கேளுங்க. வடக்க போனா ஆறு மாசம். காடு, ரோடு, டாபானு கெடப்பாய்ங்க. நம்ம அண்ணே மருமகன்கூட போர் வண்டிதான். அவரு வந்தா கேட்டுச் சொல்லுங்கண்ணே."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஏதோ பேச்சு, அதில் ஒரு கேலி. சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு என்னால் உட்கார முடியவில்லை. வால்வைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். அந்த நேரத்தில் வால்வில் பார்க்க ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே மகள். ஒக்கூரில் கட்டிக்கொடுத்தோம். மருமகன் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் வேலை. நல்ல மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். வண்டி வடக்கே போனால் கூடவே போவார், மழை பிடித்தால் திரும்புவார். மகளுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப் பிரசவம் என்று நாங்கள் அழைத்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பின்கட்டில் அம்மாவோடு இருந்தாள்.

தெரு முழுதும் கேட்டு முடித்த அன்று மேடத்துக்கும் சாருக்கும் தாகம். எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மேடம் வாசல்படியில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினார். இந்தத் தெருவில் மாசமாக இருக்கிற பெண் ஒருத்திகூட இல்லை, அதுதான் ஆச்சரியம் என்று சாரிடம் சொன்னார். அப்போது என் மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

மேடம் சொம்பை வாங்கவில்லை. அவள் வயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது யாருண்ணே?"

"மக."

"முதல் நாள் உங்க வீட்டுலதானே ஆரம்பிச்சோம்? வீட்டுல எத்தனை பேர்னு கேட்டப்ப ரெண்டு பேர்னு சொன்னீங்களே."

என் மனைவி உள்ளிருந்து வந்து சொன்னாள்.

"ரெண்டு பேருதான். இவ ஒக்கூர்க்காரக வீட்டுப் பிள்ளைல்ல. பேறுகாலத்துக்கு வந்துருக்கா."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் அந்த வீட்டுக் கணக்கு. ரேஷன் அட்டையிலிருந்து பெயரை எடுத்து அனுப்பிவிட்டோம். வந்து தங்கினாலும் விருந்தாளி. எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மேடத்துக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவரும் முதல் பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போனவர்தானாம். நானே அப்படிக் கேட்டுவிட்டேனே என்று தலையில் தட்டிக்கொண்டார். தண்ணீரைக் குடித்தார். எழுந்து திரும்பவும் முதல் சந்திலிருந்து கிளம்பினார்.

இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டார். பேறுகாலத்துக்கு வந்த மகள் இருக்கிறாளா, பேறுகாலத்துக்குப் போன மருமகள் இருக்கிறாளா. பல வீடுகளில் பின்கட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சில வீட்டு மருமகள்கள் நாச்சியாபுரத்திலும் வேறு ஊர்களிலும் அம்மா வீட்டில் இருந்தார்கள். அங்கே கேட்டால் அவர்களும் விருந்தாளியாகத்தான் இருப்பார்கள்.

என் மகள் விஷயமும் அப்படியே. புகுந்த ஊரில் நர்ஸம்மா வந்தபோது, எப்படியும் அம்மா வீட்டுக்குத்தானே போவாள், அங்கே பதிந்துகொள்ளட்டும் என்று சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார். இங்கே வந்த நர்ஸம்மாவிடம் என் மனைவி, அதெல்லாம் அங்கேயே பார்த்தாச்சு என்று சொல்லியிருக்கிறாள். நடுவில் தனியார் டாக்டரிடம் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார்கள். எல்லாருக்கும் அதோடு திருப்தி.

மேடம் என் மனைவியிடம் பக்குவமாகத்தான் சொன்னார். மாசமாக இருக்கிற எல்லாருக்கும் ஜிஎச்சில் ரத்தம் பார்ப்பார்கள். எச்.ஐ.வி.யும் அதில் ஒன்று. முன்னாலேயே தெரிந்தால் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கே போய்விடுங்கள் என்றார். என் மனைவி தலையாட்டினாள். அவர் போனதும் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எம்மகளுக்கு எதுக்குங்க அது? அவ என்ன அப்பிடிப்பட்ட பிள்ளையா?"

எல்லாரும் பார்க்க வேண்டும், இதில் நல்லவர் கெட்டவர் இல்லை என்று அத்தனை வாசலிலும் மேடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். என் வீட்டில் எனக்கு வாய் வரவில்லை. தொட்டிக்குப் பின்னால் நடந்த பேச்சை அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

அந்த நாட்களில் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். படுத்தால் மகள் பின்கட்டில் புரளுகிற சத்தம் கேட்கும். தெருவில் நடந்தால் யாராவது பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு காலையில் வால்வைத் திறந்துவிட்டு ரயில் பாதை ஓரமாக நடந்துகொண்டே இருந்தேன். திரும்பி வந்தபோது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்புகள் மிதந்தன. இட்லி வியாபாரம் செய்கிற அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, கம்மாயத் தொறந்து விட்டுட்டீகளா? மீனும் சேத்து விட்டிருக்கலாம்ல."

மூடினேன். வீட்டுக்குப் போனேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் மகளிடம் பேசுகிற பேச்சு இல்லை. ஆனால் வேறு யாரும் பேசப் போவதில்லை.

ஜிஎச்சுக்குப் போய் ரத்தம் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். எதுக்கு என்று கேட்டாள். எல்லாத்துக்கும் என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"அந்த டெஸ்டும்தானப்பா?"

"ம்."

"நீங்க வீடு வீடாப் போயிக் கேக்குறீக. என்னைய எப்பக் கேப்பீகனு இருந்தேன்."

பிறகு அவளே சொன்னாள். போன தடவை மருமகன் வந்திருந்தபோது நாக்கெல்லாம் வெள்ளையாக இருந்ததாம். காரம் தொட முடியவில்லை. சோறு இறங்கவில்லை. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. கேட்டதற்கு வடக்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டார். இதை மனசில் வைத்துக்கொண்டு வளையல் போட்டிருக்கிறாள். எங்களோடு சிரித்துப் பேசியிருக்கிறாள்.

மறுநாளே ஆட்டோவில் போனோம். தெருவில் பார்த்தவர்கள் கேட்கும் முன்னாலேயே சர்க்கரை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனாள். சர்க்கரை மரியாதையான வியாதி. யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

அந்த அறைக்குள் அவள் மட்டும்தான் போக வேண்டும் என்றார்கள். முடிவையும் அவளிடம் மட்டும்தான் சொல்வார்களாம். நான் தாழ்வாரத்தில் நின்றேன். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. நடந்தேன். மருந்துச் சீட்டு வாங்குகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினேன். திரும்பவும் போனேன். காவலுக்கு இருந்தவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

வெளியே வந்தவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பசிக்கிறது என்றாள். எதிரே இருந்த கடையில் இரண்டு தோசை சாப்பிட்டாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"எனக்கு இருக்குப்பா. பிள்ளைக்கு வராமப் பாக்கலாம்னு சொல்றாக. மாத்திர போடணும். ஒரு நாள் விடாமப் போடணும்."

டீ ஆறிவிட்டது. கடைக்காரரிடம் டம்ளரை அப்படியே கொடுத்தேன்.

அம்மாவிடம் அவளே சொன்னாள். அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். நான் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக இருந்தேன். பிறகு என் மனைவி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. முருங்கைக் கீரையை மடியில் போட்டு உருவ ஆரம்பித்தாள். பாதி உருவிய பிறகு கேட்டாள்.

"மாத்திரைய எத்தன மணிக்குப் போடணும்?"

அதோடு அது அவள் பொறுப்பு ஆகிவிட்டது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, டிவியில் நாடகம் ஆரம்பிக்கிற பாட்டுக் கேட்டதும் தண்ணீரோடு போய் நிற்பாள். விழுங்குகிற வரை நகர மாட்டாள். அந்த நோயின் பெயரை மட்டும் இன்று வரைக்கும் அவள் வாயால் சொன்னதில்லை. மாத்திரைக்கு மாதா மாதம் சிவகங்கை போக வேண்டியிருந்தது. அதற்கும் சர்க்கரைதான் துணை. சின்ன வயசில் சர்க்கரையா என்று தெருவில் பாவப்பட்டார்கள். பாகற்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். மகள் முகம் சுளிக்காமல் தின்றாள்.

மருமகனுக்கு நான்தான் போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம். ஊருக்கு வாங்க மாப்ள என்றேன். வலி வந்துவிட்டதா என்று பதறினார். இல்லை, நீங்கள் ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "சரி மாமா" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொன்ன பிறகுதான் வந்தார். என் மனைவி எப்போதும் அவருக்குப் போடுகிற தட்டில்தான் சோறு போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. குழம்பு போதுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்.

"நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேட்டுறணும்னு வருது. கேட்டா அவரு போயிருவாரு. எம்மகளும் அவரு பின்னால போயிருவா. மாத்திரைய யாரு பாக்குறது?"

கேட்கவில்லை. அவரும் மகளும் பின்கட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை அவள் குரல் உயர்ந்தது. பிறகு அழுகை. அழுதது அவள் இல்லை. மறுநாள் மூன்று பேரும் சிவகங்கை போனோம். அவருக்கும் இருந்தது. அவருக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். வடக்கே திரும்பப் போகவில்லை. ஒக்கூரில் வாடகை டிராக்டர் ஓட்டினார்.

சம்பந்தியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கணவர் இல்லாமல் ஒற்றை ஆளாக அந்தப் பிள்ளையை வளர்த்தவர். எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

ஆண் பிள்ளை பிறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில்தான். பிறந்ததும் பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். சில வாரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதோடு இன்னொன்றையும் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. சீனித் தண்ணீர்கூட ஆகாது. வேறு எதையாவது கலந்து கொடுத்தால் குடல் புண்ணாகும், நோய் தொற்ற அதுவே வழியாகிவிடும் என்றார்கள்.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் சேனை வைப்பார்கள். நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் தடவுவார். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஒக்கூரில் அவர்கள் வளவில் இருக்கிற வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் சம்பந்தியம்மாதான் சேனை வைத்திருக்கிறார். கூப்பிட்டு அனுப்புவார்களாம். சொந்தப் பேரனுக்கு வைக்காமல் இருப்பாரா? சின்ன வெள்ளிச் சங்கில் சீனித் தண்ணீரோடு வந்து நின்றார்.

என் மனைவி குறுக்கே போனாள்.

"வேணாம் மதினி. நர்ஸம்மா திட்டும்."

"நர்ஸம்மாவுக்கு என்ன தெரியும்? ஒரு சொட்டு. நாக்க நனைக்கத்தான்."

"வேணாம் மதினி."

சம்பந்தியம்மா சங்கைக் கீழே இறக்கவில்லை. குரல் மாறியது.

"தாலியறுத்தவ கைனு பாக்குறியளா?"

வார்டில் மற்ற கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி ஐயோ அப்படி இல்லை மதினி என்கிறாள். அவளுக்கு வேறு என்ன சொல்ல முடியும்? மகள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் கட்டிலின் கால் மாட்டில் நின்றேன். ஒரு விரல் நுனி. அவ்வளவுதான். அதைத் தடுக்கச் சொல்ல வேண்டிய வார்த்தை என்னிடம் இருந்தது. அந்த வார்டில் அதைச் சொல்ல முடியாது.

மருமகன் வெளியே மருந்து வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். அம்மாவின் கையிலிருந்து சங்கை மெதுவாக வாங்கினார்.

"அம்மா, எனக்கு யாரு சேன வச்சா?"

"நாந்தாண்டா வச்சேன். வேற யாரு இருந்தா?"

"அப்ப என்னையப் பாத்துட்டுச் சொல்லு. இவனுக்கும் வைக்கணுமா?"

அந்த அம்மா மகனைப் பார்த்தார். கன்னத்தில் எலும்பு தெரிவதை அன்றுதான் முதலில் பார்ப்பது போலப் பார்த்தார். மருமகன் அம்மாவின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. வண்டி நிறுத்துகிற இடத்தில் வேப்ப மரத்தடியில் நின்று பேசினார். குனிந்து பேசினார். அந்த அம்மா மகனின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மருமகனும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரும்பி வந்தபோது சங்கு இருவர் கையிலும் இல்லை. சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். பிள்ளையை வாங்கவில்லை. என் மகள் காலைத் தடவிக்கொடுத்தார். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆறு வாரத்தில் பிள்ளைக்குக் குதிகாலில் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர நாளானது. அந்த நாட்களில் தெருவுக்குச் சரியான நேரத்தில் தண்ணீர் விட்டேன். வேலையில் தவறு வந்தால் அங்கேயும் தவறு வரும் என்று ஒரு பயம். படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. இல்லை என்று வந்தது. ஆனால் இது முடிவு இல்லை, பால் குடிக்கிற வரை இன்னும் பார்க்க வேண்டும், ஒன்றரை வயதில் கடைசியாகப் பார்ப்போம் என்றார்கள்.

மூன்றாம் மாதம் மகளை ஒக்கூருக்கு அனுப்பினோம். அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவி சொன்னாள். மகள்தான் கிளம்பினாள். அவருக்கும் யாராவது மாத்திரையை ஞாபகப்படுத்த வேண்டுமே என்றாள். அதன் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு என் மனைவி போன் போடுவாள். போட்டாயா என்று கேட்பாள். வைத்துவிடுவாள். ஒரு நாள் சம்பந்தியம்மா எடுத்தாராம். "ரெண்டு பேரும் போட்டாச்சு மதினி, நான் கண்ணால பாத்தேன்" என்றாராம். அன்று என் மனைவி கொஞ்சம் தூங்கினாள்.

எனக்குத் தூக்கம் குறைவுதான். பிள்ளைக்குச் சளி என்று போன் வந்தால் எழுந்து உட்காருவேன். வயிற்றுப்போக்கு என்றால் பஸ் ஏறிவிடுவேன். எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்று சம்பந்தியம்மா சொல்வார். அவரும் தூங்கியிருக்க மாட்டார். முகத்தில் தெரியும்.

கடைசிச் சோதனைக்கு எல்லாரும் சிவகங்கை போனோம். பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தான். அங்கே தாழ்வாரத்தில் அவன் ஓட, நான் பின்னால் போனேன். உட்காரச் சொன்னால் அவனும் கேட்க மாட்டான், நானும் கேட்க மாட்டேன். மகளை உள்ளே கூப்பிட்டார்கள். மருமகன் தங்கள் இருவருக்கும் மாத்திரை வாங்குகிற வரிசையில் நின்றார். வரிசை நீளமாக இருந்தது. அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மகள் வெளியே வந்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

"இவனுக்கு இல்லப்பா. இனிமே இவன் வர வேணாமாம்."

சரி என்றேன்.

"ஒக்காருங்கப்பா. காலைலருந்து நிக்கிறீக."

பிள்ளை என் கையிலிருந்து நழுவி இறங்கி மறுபடி ஓடினான். வரிசையில் அவன் அப்பாவின் முறை வர இன்னும் நேரம் இருந்தது. நான் பிள்ளைக்குப் பின்னால் நடந்தேன்.